குந்துமலை விட்டுப்போன நிழல்

1967ஆம் வருஷம் ஆடி மாதம் குந்துமலையை முழுக்க உடைத்து லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அதன் நிழலை மட்டும் எடுத்துப் போகவில்லை. அது சந்திரநாத நயினாரின் பதினோரு ஏக்கர் நிலத்தின் மேலும், அந்த நிலத்தின் கிழக்குக் கோடியில் இருந்த அவருடைய வீட்டின் மேலும் காலை முதல் மாலை வரை கிடந்தது. உச்சி வெயிலில் அதற்குள் கால் வைத்தவர்களுக்குக் கை மயிர் சிலிர்த்தது. கோழிகள் அதற்குள் போனதும் அடைய இடம் தேடின. செஞ்சியிலிருந்து தொண்டூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் குந்தலம்பட்டு எங்கே வரும் என்று கேட்டால், சாலையோரம் ஒரு துண்டு நிலம் மட்டும் இருட்டிக்கொண்டு தெரியும், அங்கே இறங்கிக்கொள்ளுங்கள் என்று கண்டக்டர்கள் சொன்னார்கள். கேட்டவர்களும் சரி என்று இறங்கிக்கொண்டார்கள்.

செஞ்சியைச் சுற்றி இரண்டு வகை மலைகள் உண்டு. பலகை வைத்த மலை, பலகை வைக்காத மலை. கோட்டை மலைகளில் ஒரு கல்லைத் தொட்டாலும் தண்டனை என்று எழுதிப் பலகை நட்டிருந்தார்கள். தொண்டூர்ப் பாறையில் அந்தக் காலத்து முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் இருந்ததால் அதன் மேலும் யாரும் கை வைக்கவில்லை. குந்துமலையில் எந்த ராஜாவும் ஏறியதில்லை, எந்த முனிவரும் படுத்ததில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் மேற்கே முகம் வைத்துக் குந்தியிருப்பது போல அது இருந்தது. கோட்டையைக் கட்ட வந்தவர்கள், பிடிக்க வந்தவர்கள், முற்றுகை போட்டு வருஷக்கணக்கில் கிடந்து அலுத்துத் திரும்பியவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நூறு தலைமுறையாக அது ஊருக்குச் செய்த உபகாரம் ஒன்றுதான். சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் அதன் நிழல் மல்லாட்டை எனும் வேர்க்கடலைக் கொல்லைகளைத் தாண்டி வந்து நயினார் வீட்டு வாசற்படியைத் தொடும். ஊரில் அதுதான் கடிகாரம். களை எடுப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் கரையேறுவார்கள். பொழுது போய்விட்டது என்று அந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள், நெழல் வந்துட்டுது என்றுதான் சொல்வார்கள். இருட்டுவதற்கு முன்னால் சாப்பிட்டு முடிக்கும் வழக்கமுள்ள ஜைனக் குடும்பமாதலால், நிழல் படியைத் தொட்டதும் நயினார் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும்.

பின்னால் நடந்ததெல்லாம் இந்த ஒரு சொல்லிலிருந்து வந்தது. 1953இல் சந்திரநாதனுடைய மகள் நீலாஞ்சனாவுக்கு இரண்டு வயதில் விஷ ஜுரம் கண்டு பதினெட்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். அவள் தாய் ஜ்வாலாமாலினி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேல்சித்தாமூருக்கு நடந்துபோனாள். கோயிலில் பார்சுவநாதர் சந்நிதிக்கு முன்னால் குழந்தையின் நெற்றியில் கையை வைத்து, ஆயுசு முழுக்க ஒரு நியமம் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். கோயிலில் பூசை செய்யும் வாத்தியார் அஜிததாஸ் என்ன நியமம் என்று கேட்டார். "எங்க ஊட்டு வாசப்படியில மலை நெழல் பட்டுட்டா, மறுநா சூரியன் மொளைக்கிற வரைக்கும் சோறு தண்ணி மருந்து எதுவும் வாயில வெக்க மாட்டேன். எந்த ஊர்ல இருந்தாலும் வெக்க மாட்டேன்" என்றாள். சூரியன் மறைந்த பின் என்று சொல் அம்மா என்று வாத்தியார் திருத்தியிருக்க வேண்டும். வெளியூர் வாத்தியாராக இருந்தால் திருத்தியிருப்பார். அஜிததாஸுக்குக் குந்தலம்பட்டில்தான் பெண் எடுத்திருந்தது. நிழல் என்றால் சாயங்காலம் என்றுதான் அவர் காதிலும் விழுந்தது. அவர் தலையாட்டினார், நியமம் ஏறிவிட்டது. வீடு வந்து சேர்வதற்குள் குழந்தைக்கு வியர்த்து ஜுரம் இறங்கியது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் அந்தச் சொல்லால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

1960ஆம் வருஷக் கடைசியில் குந்துமலை ஏலம் போகிறது என்று தண்டோரா போட்டார்கள். நாடெங்கும் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம் அது, எல்லாவற்றுக்கும் ஜல்லி வேண்டியிருந்தது. விழுப்புரத்திலிருந்து பாண்டுரங்கன் என்ற காண்டிராக்டர் வந்து மலையைச் சுற்றி நடந்து பார்த்தார். அடிவாரத்து நிலம் சந்திரநாதனுடையது, லாரி அதன் வழியாகத்தான் போக வேண்டும். அவரிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துக் கேட்டார். சந்திரநாதன் அப்போது மாட்டைப் பூட்டிக் கவலை ஓட்டித்தான் கேணியிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார், ஒரு காளைக்குக் கழுத்தில் ஆறாத புண். கல் அரைக்கும் மெஷினுக்குக் கரண்ட் கம்பி இழுக்கும்போது கேணிக்கும் ஒரு கம்பி இழுத்துத் தருவதாகப் பாண்டுரங்கன் சொன்னார். சந்திரநாதன் ஒரு வாரம் யோசித்தார். பயிர் நன்றாக இருக்கும், மாட்டுக்கு வலி இருக்காது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சொன்னபடி கம்பி வந்தது, மோட்டார் வந்தது, முதல் நாள் தண்ணீர் கொட்டியபோது ஊரே வந்து நனைந்தது.

மலையில் வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் அதுவரை நயினார்கள் நிலத்தில் மல்லாட்டை ஆய்ந்து கொண்டிருந்தவர்கள், சொந்தமாக ஒரு சாண் மண்ணும் இல்லாதவர்கள். அவர்களில் மங்கை என்பவள் ஜ்வாலாமாலினிக்கு ஒத்த வயது. பத்து வருஷம் அந்த வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து கூழ் குடித்தவள். நிழல் வருவதற்குள் வந்தால்தான் கூழ் என்பதால் கொல்லையிலிருந்து ஓடி வருவாள். இப்போது அவள் கணவன் பொன்னுசாமிக்குப் பாறையில் குழி போட்டு வெடி வைக்கும் வேலை, அவளுக்குச் சுத்தியலால் ஜல்லி உடைக்கும் வேலை. சனிக்கிழமை கூலி கைக்கு வரும், மறு வெள்ளிக்கிழமை செஞ்சிச் சந்தைக்குப் போய் யாரையும் கேட்காமல் அரிசி வாங்குவாள். அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் அந்த வருஷம்தான் முதல்முறையாகக் கன்னத்தில் சதை பிடித்தது.

முதல் வருஷம் மலையின் தலை போனது. தலை போனால் நிழலிலும் தலை குறைய வேண்டும். குறையவில்லை. 1962 பங்குனியில் நிழல் நாலு மணிக்கே படியைத் தொட்டது. கல்லை எடுத்துப்போக லாரி இருந்தது, நிழலை எடுத்துப்போக ஏற்பாடு எதுவும் இல்லை. மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் குறைந்ததால் அது பிடி விட்டுக் கிழக்கே நகர்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், வேறு காரணம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. வெடி வைக்காத நாட்களில், பொங்கலுக்கும் ஆயுத பூசைக்கும், அது நகராமல் அப்படியே இருந்தது. வேலை தொடங்கியதும் மறுபடி ஒரு விரல், இரண்டு விரல் முந்தியது. ஜ்வாலாமாலினி சமையலை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினாள். பக்கத்து நிலங்களில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கும், இவர் நிலத்தின் வரப்போடு கோடு கிழித்தாற்போல நிழல் நிற்கும்.

அடுத்த வருஷம் அது இரண்டு மணிக்கு வந்தது. சந்திரநாதன் பாண்டிச்சேரிக்குப் போய்ச் சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கி வந்து மாட்டினார். "இதப் பாரு, ரெண்டுதான் ஆவுது. பொழுது எங்க போச்சு? உக்காந்து சாப்புடு" என்றார். அவள் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். "நான் கடியாரத்த சாட்சி வெச்சா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு அவருக்கு இலை போட்டாள். அவரும் மகளும் பிறப்பு வழக்கப்படி சூரியனைப் பார்த்துச் சாப்பிட்டால் போதும், அவர்களுக்குத் தனி நியமம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு நாளும் அவர்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அவள் நின்று பரிமாறினாள். சந்திரநாதன் மேற்குப் பார்த்த வாசலை அடைத்துச் சுவர் வைத்துக் கிழக்குச் சுவரை இடித்து வேறு வாசல் வைத்தார். மூன்றாம் நாள் நிழல் வீட்டைச் சுற்றி வந்து அந்தப் படியைத் தொட்டது. நிலையையே பெயர்த்து எடுத்துவிட்டுப் பார்த்தார். கால் வைத்து நுழைகிற இடம் எதுவோ அதுதான் வாசல் என்று அவள் சொல்லிவிட்டாள். பனமலையில் அவள் அண்ணன் வாசுபூஜ்யன் ஏரிக்கரையில் வீடு கட்டியிருந்தார், சந்திரநாதன் அவளை அங்கே அனுப்பி வைத்தார். சோற்றில் கை வைத்தவள், சாமி விளக்கு அணைவதைப் பார்த்ததுபோல நிறுத்தி, "இந்நேரம் அங்க படியில வுழுந்திருக்கும்" என்று கையை எடுத்துக்கொண்டாள். இருபது மைலுக்கு அப்பால் அதே நிமிஷத்தில் அது விழுந்ததைச் சந்திரநாதன் கடிகாரத்தில் பார்த்து எழுதி வைத்திருந்தார்.

அஜிததாஸ் வாத்தியாரைக் கூட்டி வந்தார்கள். அவர் கலங்கிப் போயிருந்தார், அன்றைக்குத் திருத்தாமல் விட்டது தன் பிழை என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். நிழல் என்பது இரவு அல்ல, சாஸ்திரம் சொல்வது சூரியனைத்தான், ஒரு பிராயச்சித்தம் செய்துவிட்டுச் சொல்லை மாற்றிக்கொள்ளலாம் என்று ஏட்டைப் பார்த்துச் சொன்னார். ஜ்வாலாமாலினி பொறுமையாகக் கேட்டாள். "நீங்க சொல்றது சரிதான் வாத்தியாரே. ஆனா நீலா நெத்தியில கைய வெச்சு நான் சொன்னது நெழலு. அவ கண்ணத் தொறந்தது அந்தச் சொல்லுக்கு. பொழுதுன்னு சொல்லியிருந்தா தொறந்திருப்பாளோ என்னமோ, எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமா?" வாத்தியார் ஏட்டை மூடிக் கட்டினார். நீலாஞ்சனா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து ஜலதோஷம் பிடித்தால்கூட அம்மாவுக்குத் தெரியாமல் மறைக்க ஆரம்பித்தாள்.

1964இல் நிழல் உச்சி நேரத்துக்கு வந்தது, 1965இல் காலை பத்து மணிக்கு. சூரியன் கிழக்கே இருக்கும்போது புளியமரத்தின் நிழல் மேற்கே விழுந்தது, மாட்டுக் கொட்டகையின் நிழல் மேற்கே விழுந்தது, குந்துமலையின் நிழல் மட்டும் சூரியனுக்கு எதிரே கிழக்கு நோக்கி நீட்டிக்கொண்டு கிடந்தது. செஞ்சி ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார் விநாயகம் மாணவர்களோடு வந்து குச்சி நட்டு அளந்தார். கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு, இது தப்பு என்று சொல்லிப் போய்விட்டார். நிலத்தில் மோட்டார் தண்ணீர் தாராளமாகப் பாய்ந்தது, மல்லாட்டைச் செடி முழங்கால் உயரம் பச்சையாக நின்றது. பிடுங்கிப் பார்த்தால் கொத்துக் கொத்தாகக் காய். உடைத்தால் எல்லாம் பொக்கு, உள்ளே பருப்பு இல்லை. தண்ணீருக்காக மலையைக் கொடுத்தவருக்குத் தண்ணீர் கிடைத்தது என்பதை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவர் ஒரு மனு எழுதினார். மலையின் நிழல் அகாலத்தில் விழுவதால் என் மனைவி உண்ண முடியவில்லை, மலையை மேற்கொண்டு உடைக்காமல் நிறுத்த உத்தரவாக வேண்டும் என்று எழுதித் தாலுகா ஆபீசில் கொடுத்தார். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி மலையின் உயரம் நான்கில் மூன்று பங்கு குறைந்துவிட்டபடியால் அதன் நிழலும் அந்த விகிதத்தில் குறைந்திருக்க வேண்டும் என்றும், ஆகவே மனுதாரருக்குக் குறை எதுவும் இருக்க முடியாது என்றும், மனு முடிக்கப்பட்டது என்றும் அதில் இருந்தது. சந்திரநாதன் அந்தக் காகிதத்தை வாசலில் நிழலில் நின்றபடி படிக்கப் பார்த்தார், எழுத்துக் கண்ணுக்குத் தெரியாததால் உள்ளே போய் லைட்டைப் போட்டுப் படித்தார்.

பாண்டுரங்கனிடமும் போனார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்து, "நைனார், நானா நெழல தள்ளிவுடுறேன்? நான் கல்லுதான் எடுக்குறேன். நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல நெழலப் பத்தி ஒண்ணுமில்லியே" என்றார். வழியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த மங்கை, ஒரு காலத்தில் தன் எசமானாக இருந்தவரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். "முன்ன நான் நெழலப் பாத்துக் கூழுக்கு ஓடுவேன். இப்ப நைனாரு நெழலப் பாத்து ஓடறாரு." பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சந்திரநாதன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த மங்கைக்குச் சிரிப்பு பாதியில் நின்றது, சுத்தியல் விரலில் பட்டது.

1966இல் மழை இல்லை. வடக்கேயும் இல்லை, தெற்கேயும் இல்லை. செஞ்சியில் அரிசிக்கு வரிசை நின்றது, ரேஷனில் மைலோ என்று வெளிநாட்டுச் சோளம் போட்டார்கள், அதை வேகவைக்க ஒரு நாள் விறகு ஆனது. கொல்லை வேலை எங்குமே இல்லாததால் சுற்று வட்டாரத்தில் மலை வேலை ஒன்றுதான் சோறு போட்டது. குந்துமலையில் நாற்பது குடும்பங்கள் தொங்கின. அந்த வருஷம் நிழல் காலை எட்டு மணிக்கு வந்தது. சூரியன் முளைத்து எட்டு மணிக்குள் ஒரு முறை உண்டு, அதோடு மறுநாள்வரை இருந்தாள் ஜ்வாலாமாலினி. வளையல் முழங்கைவரை ஏறியது. ஆனாலும் கேட்டு வந்தவர்களுக்குப் பின்கட்டில் கூழ் ஊற்றுவதை நிறுத்தவில்லை. எட்டு மணி ஏழாகி, ஏழு ஆறரையாகி, 1967 ஆனி மாத நடுவில் குந்துமலை இருந்த இடத்தில் ஒரே ஒரு உருண்டைப் பாறை மிஞ்சியது. படுத்த யானையளவு இருந்த அதைக் கூலிக்காரர்கள் கடைசி என்று கூப்பிட்டார்கள். அன்றைய நிலவரப்படி சூரியன் முளைத்துக் கால் மணி நேரம் கழித்து நிழல் படியைத் தொட்டது. அந்தக் கால் மணியில் அவள் ஒரு பிடி சோறும் ஒரு சொம்பு தண்ணீரும் கொள்வாள்.

நீலாஞ்சனாவுக்கு அப்போது பதினாறு வயது. வெடி இல்லாத நாட்களில் நிழல் நகர்வதில்லை என்பதைச் சிறுவயது முதல் பார்த்து வந்தவள். ஒரு காலை அவள் யாரிடமும் சொல்லாமல் மலைக்குப் போய் மங்கைக்கு முன்னால் நின்றாள். இந்தக் கல் இருக்கும்வரை அம்மாவுக்குக் கால் மணி நேரம் இருக்கிறது, இது போனால் ஒன்றும் இல்லை என்றாள். "நான் இன்னா கண்ணு பண்ணுவேன், எங்கிட்ட வந்து சொல்றியே" என்று மங்கை அவளைத் துரத்திவிட்டாள். சாயங்காலம் பொன்னுசாமி கடைசி என்ற அந்தப் பாறையில் ஆறு குழி போட்டு வெடிமருந்து கெட்டிக்கத் தயாரானபோது, மங்கை பாறையின் மேல் ஏறி அந்தக் குழிகளின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்குடி" என்றான் பொன்னுசாமி.

"நீ வெடிய வையி. நானும் சேந்து போறேன். ஒனக்கும் ஒரு பாரம் கொறையும்."

"இன்னாடி வெளாட்டு இது? இது தரமட்டம் ஆனாத்தான் அடுத்த மலைக்குப் பர்மிட்டுன்றாரு காண்டிராக்டரு. நாப்பது அடுப்பு இக்குது."

"அந்தம்மாவுக்கும் ஒரு அடுப்பு இக்குது. அதுல கூழு குடிச்ச வாயிதான இது?"

பாண்டுரங்கன் வந்து கெஞ்சினார், அதட்டினார். மற்றப் பெண்கள் முதல் நாள் மங்கையைத் திட்டினார்கள், இரண்டாம் நாள் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஐந்தாம் நாள் அவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். பொன்னுசாமி குழிகளுக்குப் பக்கத்தில் குந்தி பீடி பிடித்துக்கொண்டிருந்தான், அவளைக் கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. இப்படிப் பதினோரு நாள் கடைசி நின்றது, பதினோரு காலை ஜ்வாலாமாலினி கால் மணி நேரம் உண்டாள். எதனால் நிழல் நகரவில்லை என்று அவளுக்குச் சொல்லப்படவில்லை. பன்னிரண்டாம் நாள் பின்கட்டுக்கு ஒருவரும் கூழ் கேட்டு வராததைக் கவனித்து மகளைக் கேட்டாள். மகளால் அம்மாவிடம் பொய் சொல்ல முடியவில்லை. மங்கை பதினோரு நாளாகக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறாள், நம் வீட்டுக் கூழைக் குடித்தால் கல்லிலிருந்து இறங்கு என்று நீ கேட்கும்போது மறுக்க முடியாது என்று எல்லோரையும் தடுத்துவிட்டாள் என்றாள்.

ஜ்வாலாமாலினி நடந்து போனாள். ஆறு வருஷத்தில் அவள் மலையடிக்கு வந்தது அதுதான் முதல்முறை. லாரி போய்ப் போய்ப் பள்ளமான தன் சொந்த நிலத்தின் வழியாக, ஒரு காகிதம் காற்றில் நகர்வது போல வந்தாள். மங்கை பாறையின் மேல் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள், உதடு வெடித்திருந்தது.

"நைனாரம்மா, சாப்டியா?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

"சாப்ட்டேன். ஒன் சின்னவன் சாப்டானா?"

மங்கை நீட்டியிருந்த கால்களை மடக்கிக்கொண்டாள்.

"நேத்து இன்னா சாப்டான்?"

"புளியந்தழை."

"அப்ப நான் சாப்ட்டது அவன் சோறு. பதினோரு நாளா எவன் எவன் சோறோ தின்னுருக்கேன். எறங்கு மங்கை."

"நீ ஒரு வார்த்தைய மாத்தேன்" என்றாள் மங்கை. "நெழலுன்னு சொல்லிட்டே, பொழுதுன்னு சொல்லிக்கயேன். எந்த சாமி வந்து கேக்கப் போவுது?"

"எங்க சாமி யாரையும் ஒண்ணும் கேக்காது. குடுக்கவும் குடுக்காது, புடுங்கவும் புடுங்காது. நான்தான் கேப்பேன். நீலாவுக்கு ஒரு தலவலி வந்தாலும் நான்தான என்னக் கேப்பேன்?"

"அப்ப நான் எறங்குனா நான் என்னக் கேக்க மாட்டனா?"

ஜ்வாலாமாலினி பாறையின் மேல் கையை ஊன்றி ஏறப் பார்த்தாள், முடியவில்லை, விழப் போனாள். மங்கை குதித்து இறங்கி அவளைப் பிடித்துக்கொண்டாள். இறங்கிய பிறகுதான் தான் இறங்கிவிட்டது மங்கைக்குத் தெரிந்தது. மறுபடி ஏற அவளுக்குக் காலில் பலம் இல்லை. பொன்னுசாமி அவர்கள் இருவரையும் தூரமாகப் போகச் சொன்னான், மருந்து கெட்டித்தான், வெடி வெடி வெடி என்று மூன்று தரம் கத்தினான். மூன்றாவது கத்தல் சரியாக வரவில்லை. மங்கை ஜ்வாலாமாலினியைக் கைத்தாங்கலாக வீடுவரை கொண்டுவந்து விட்டாள். வழியில் சத்தம் கேட்டது, இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் கடைசியின் துண்டுகளை மற்றவர்களோடு சேர்ந்து மங்கையும் உடைத்தாள், அன்று மாலை அவள் பிள்ளைகள் சாப்பிட்டன. ஆடி மூன்றாம் தேதி கடைசி லாரி கிளம்பியது.

மறுநாள் சூரியனும் நிழலும் ஒன்றாக வந்தன. ஜ்வாலாமாலினி முற்றத்தில் சொம்போடு நின்று பார்த்தாள், வெளிச்சம் வந்த அதே கணம் படி இருட்டியிருந்தது. சொம்பை வைத்துவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள். கணவனுக்கும் மகளுக்கும் பரிமாறினாள். மூன்றாம் நாள் நிற்க முடியாமல் உட்கார்ந்து பரிமாறினாள். நீலாஞ்சனா நானும் சாப்பிட மாட்டேன் என்றபோது, "நீ சாப்புடறதுக்குத்தான்டி இவ்ளோவும்" என்று முதல்முறையாக அவளை அடித்தாள், அந்த அடி ஒரு இலை விழுந்தது போல இருந்தது. சந்திரநாதன் தண்ணீரில் நனைத்த துணியை அவள் தூங்கும்போது உதட்டில் வைத்தார். அவள் தூக்கத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்தாம் நாளிலிருந்து ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். மேல்சித்தாமூரிலிருந்தும் தொண்டூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பழைய முனிவர்கள் உணவை விட்டு உயிரை விட்டதைப் போல ஒரு சம்சாரிப் பெண் செய்கிறாள் என்று பேச்சு பரவியிருந்தது. நிழலுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு வரிசையில் வந்து தேங்காய் வைத்து விழுந்து கும்பிட்டார்கள். ஒரு முதியவர் அவள் காலருகே உட்கார்ந்து, தாயே, பற்று அற்றுப்போன உங்கள் மனம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் கண்ணைத் திறந்தாள். "எனக்குப் பசிக்குதுங்க" என்றாள். முதியவர் காதில் அது சரியாக விழவில்லை, ஏதோ மந்திரம் என்று எண்ணிக் கைகூப்பினார். "இல்லீங்க, பசிக்குது" என்று மறுபடி சொன்னாள். அஜிததாஸ் வாத்தியார் எழுந்து வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டு எல்லோரையும் திரும்பிப் போகச் சொன்னார். ஒன்பதாம் நாள் காலை, வெளிச்சம் வருவதற்குச் சற்று முன்பு, அவள் இறந்தாள். அந்த நேரத்தில் படியில் நிழல் இல்லை. சூரியனும் இல்லை.

நியமம் முடிந்துவிட்டதால் நிழல் போய்விடும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அதற்கும் நியமத்துக்கும் சம்பந்தம் இருந்ததாகத் தெரியவில்லை, அது போகவில்லை. சந்திரநாதன் மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டு மகளோடு பனமலைக்குப் போனார். நீலாஞ்சனாவைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்தார்கள், அவளுக்கு அதன் பிறகு ஒரு நோயும் வந்ததில்லை. கரம்பாகக் கிடந்த பதினோரு ஏக்கரும் கிராமக் கணக்கில் புஞ்சைக்கும் நஞ்சைக்கும் சேராமல் நிழல் என்ற ஒரு தனி வகையில் எழுதப்பட்டது. பாண்டுரங்கனுக்கு அடுத்த பலகை இல்லாத மலைக்குப் பர்மிட் கிடைத்தது. அது ஒரு மைல் கிழக்கே இருந்தது, நாற்பது குடும்பமும் அங்கே வேலைக்குப் போயின.

புது மலையில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஆகவே மத்தியானச் சங்கு ஊதியதும் எல்லோரும் தூக்குச் சட்டிகளோடு இங்கே நடந்து வந்து, நயினார் வீட்டு வாசலைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். செஞ்சி வட்டாரத்திலேயே சித்திரை வெயிலில் சோறு புளிக்காத இடம் அது ஒன்றுதான். சிரிப்பும் சண்டையுமாக இருக்கும், பிள்ளைகள் நிழலின் ஓரக் கோட்டில் ஒரு கால் சுடவும் ஒரு கால் குளிரவும் நடந்து விளையாடும். மங்கை மட்டும் தன் சட்டியை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப்போய்ச் சுடு மண்ணில் உட்கார்ந்து சாப்பிட்டாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அவளை உள்ளே கூப்பிடுவார்கள். மற்றவர்கள் கூப்பிடுவதில்லை, சட்டியை அவள் வழித்து முடிக்கும்வரை காத்திருந்து பிறகு எழுந்தார்கள்.